எழுதாத இடத்தை அழித்த பெட்டி

என் அண்ணனின் விசைப்படகைக் கட்டிப் போட்ட அன்று காலை நான் வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். மதினி போனில் கூப்பிட்டாள். "பாப்பா, ஒங்கண்ணன வலையறுத்த கள்ளன்னு சொல்லிப்புட்டாக. சங்கத்துக்கு ஓடி வா" என்றாள். எனக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது, வீட்டில் இன்னும் பாப்பாதான். காலில் மாட்டியிருந்த செருப்பு இரண்டும் வேறு வேறு ஜோடி என்பதைச் சங்கத்து வாசலில்தான் பார்த்தேன்.

சங்கம் என்றால் எங்கள் கரையின் விசைப்படகுக்காரர்கள் சங்கம். உள்ளே சுவரில் ஒரு பெரிய டிவி மாட்டியிருக்கும். அதில் கடல் நீலமாகத் தெரியும். கடலில் இருக்கும் ஒவ்வொரு படகும் ஒரு பச்சைப் புள்ளி. ஒவ்வொரு படகிலும் சங்கம் மாட்டிவிட்ட ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. படகு எங்கே நிற்கிறது என்பதை அந்தப் பெட்டி தனக்குள் எழுதி வைத்துக்கொண்டு, கரைக்கும் சொல்லும். பெட்டியின் பேச்சு நின்றால் புள்ளி மறையும், படகின் பெயர் சிவப்பாகிவிடும்.

பெட்டி வந்ததற்கு நியாயமான காரணம் உண்டு. எங்கள் பக்கம் விசைப்படகுக்கு ஒரு நாள், நாட்டுப்படகுக்கு ஒரு நாள் என்று கடலைப் பங்கு போட்டு வைத்திருக்கிறோம். நாட்டுப்படகுக்காரர்கள் கரையோரத்தில் வலையைப் போட்டுவிட்டு வந்து மறுநாள் போய் எடுப்பார்கள். அந்த இடத்தில் விசைப்படகு மடியை, அதாவது தன் இழுவலையை, இழுத்துக்கொண்டு போனால் வலை நார் நாராகக் கிழிந்துவிடும். அப்படிச் செய்தவன் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் ஊர் முன்னால் நின்று, "நான் செஞ்சது தப்பு" என்று வாய் திறந்து சொல்ல வேண்டும், புது வலையும் எடுத்துக் கொடுக்க வேண்டும். சொல்லும்வரை அவன் படகு கட்டித்தான் கிடக்கும். இது பெட்டிக்கு முன்னாலிருந்தே உள்ள வழக்கம். பெட்டி வந்த பிறகு கண்ணால் பார்த்த சாட்சி தேவையில்லாமல் போயிற்று.

அந்த வாரம் ஒரு நாட்டுப்படகுக்காரரின் நண்டு வலை கிழிந்துவிட்டது. நான் உள்ளே போனபோது அவர் பெஞ்சில் உட்கார்ந்து கிழிந்த வலையைத் தொடைமேல் வைத்திருந்தார். அவர்மேல் எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை. பிழைப்பு போனவர் யாரையாவது கேட்கத்தானே செய்வார். வலை கிழிந்த நாளில் எந்தப் படகின் புள்ளி மறைந்தது என்று பார்த்திருக்கிறார்கள். அண்ணனின் புள்ளி ஒரு தடவை அல்ல, திரும்பத் திரும்ப மறைந்து மறைந்து வந்திருக்கிறது. ஒன்றிரண்டு தடவை மறைந்தால் சிக்னல் கோளாறு, அடிக்கடி மறைந்தால் கள்ளத்தனம் என்பது சங்கத்தின் சட்டம். சட்டம் எழுதியவர்களுக்குப் பெட்டியின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

சங்கத் தலைவர் எங்களுக்குச் சித்தப்பா முறை. தலை நரைத்த பிறகும் தன் படகைத் தானே ஓட்டிக் கடலுக்குப் போகிறவர், அதில் அவருக்குப் பெருமை அதிகம். அவர் முன்னால் அண்ணன் நின்றுகொண்டிருந்தான்.

"நான் அந்தப் பக்கமே போகல சித்தப்பா. வெளிய, ஆழத்துல மடி ஏத்திக்கிட்டு நின்னேன். படகுல வந்த ஆளுகளக் கேட்டுப் பாருங்க."

"ஒஞ் சோத்தத் திங்கிறவன் ஒன்னயக் காட்டிக் குடுப்பானாக்கும்? பெட்டி பொய் சொல்லாதுலே."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. பெட்டி பொய் சொல்லவில்லைதான். பெட்டி எதுவுமே சொல்லவில்லையே! அது வாயை மூடிக்கொண்டிருந்த நேரத்தை எடுத்து வைத்துக்கொண்டு அதையே சாட்சி என்கிறார்கள். இதைக் கத்திச் சொன்னேன். "நீ வெளிய நில்லு தாயி, இது ஆம்பளைக பேசுற எடம்" என்றார் தலைவர். அண்ணனும் என்னைப் பார்த்துப் போ என்பதுபோலத் தலையை ஆட்டினான். அந்த ஆட்டல்தான் எனக்கு எல்லாவற்றையும்விட வலித்தது.

நான் வாசலில் நின்றேன். உள்ளே முடிவு சொன்னார்கள். தப்பை ஒத்துக்கொள்ளும்வரை படகு கட்டிக் கிடக்கும். செய்யாத தப்பை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று அண்ணன் வந்துவிட்டான்.

என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் யாருக்கும் அது விளங்கியதில்லை. "வீட்லயே உக்காந்து தட்டிக்கிட்டு இருக்கியே, என்னதான் செய்ற?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. ஃபைல் சிஸ்டம் என்று சொன்னால் ஃபைல் அடுக்கும் வேலை என்று நினைத்துக்கொண்டு, "அதுக்கா இம்புட்டுப் படிப்பு" என்பார்கள். ஒரு போனிலோ கம்ப்யூட்டரிலோ படம், பாட்டு, எழுத்து என்று எதைச் சேமித்தாலும் அதற்கு எந்த இடத்தைக் கொடுப்பது, அழித்தால் அந்த இடத்தை எப்படித் திரும்ப வாங்குவது என்று பார்த்துக்கொள்ளும் மென்பொருள்தான் அது. அதில் நான் பல வருடமாகச் செய்வது இடத்தைத் திரும்ப வாங்கும் பகுதி. அதாவது, அழிப்பது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. நாம் ஒரு கோப்பை அழித்தால், ஃபைல் சிஸ்டம் தன் கணக்கில் அந்த இடங்களைக் காலி என்று குறித்துக்கொள்ளும். மெமரி கார்டுக்கு அது தெரியாது. ஆகவே கார்டிடம் தனியாக, "இந்த இடத்தில் இருப்பது இனி வேண்டாம், நீ துடைத்துக்கொள்ளலாம்" என்று சொல்ல வேண்டும். இதற்குப் பெயர் டிஸ்கார்ட். நல்ல கார்டு அதை வாங்கி வைத்துக்கொண்டு சாவகாசமாகத் துடைக்கும். மட்டமான கார்டு கையில் இருக்கும் வேலையை எல்லாம் போட்டுவிட்டுத் துடைக்க உட்கார்ந்துவிடும். அந்த நேரத்தில் புதிதாக எதையும் எழுத முடியாது. ஆகவே தேவையான இடத்தில் மட்டும், தேவையான நேரத்தில் மட்டும் சொல்ல வேண்டும். இதைச் சரியாகச் செய்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

பெட்டி மறைகிறது என்று கேட்டதும் எனக்கு முதலில் இந்தச் சந்தேகம் வரவில்லை. மின்சார இணைப்பு, ஆன்டெனா என்றுதான் நினைத்தேன். பெட்டி செய்த கம்பெனியைக் கூப்பிட்டேன். பல பேர் கைமாறி கடைசியில் ஒரு இன்ஜினியர் கிடைத்தான். அவன் பேசிய தமிழில் முக்கால்வாசி இங்கிலீஷ்.

"மேடம், எங்க பாக்ஸ்ல ப்ராப்ளம் இல்ல. அந்த போட்ல மட்டும்தான் அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகுது. மத்த போட்ல எல்லாம் ஃபைன். யாரோ வயரை எடுத்து எடுத்து விடுறாங்க. ஃபிஷர்மென் எல்லாம் இப்படித்தான் டேம்பர் பண்ணுவாங்க, எங்களுக்குப் பழக்கம்தான்."

ஃபிஷர்மென் எல்லாம் இப்படித்தான்! கடலைக் கண்ணால் பார்த்திருப்பானோ என்னவோ. ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு ஒரு கரையையே கள்ளன் என்கிறான், அதுவும் மீன்காரன் மகளிடமே. எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை வீசியிருப்பேன். ஆனால் ஆத்திரத்துக்கு நடுவிலும் ஒரு சொல் காதில் தங்கிவிட்டது. ரீஸ்டார்ட் ஆகிறது என்றான். அப்படியானால் பெட்டி அணையவில்லை, செத்துச் செத்துப் பிழைக்கிறது. களவுக்காக வயரைப் பிடுங்குகிறவன் வேலை முடியும்வரை பிடுங்கியே வைப்பான், இதுவோ ஒவ்வொரு தடவையும் தானே உடனுக்குடன் திரும்பி வருகிறது. "பெட்டிக்குள்ள ஓடுற கோட் எனக்கு வேணும்" என்றேன். தரமாட்டோம் என்றான். அதில் பாதி, உலகத்தில் பலபேர் சேர்ந்து எழுதி எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்தது என்பதும், கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். அதை அவனுக்குப் புரியும் இங்கிலீஷில் சொன்னேன். குரல் இறங்கியது. அனுப்பி வைத்தான்.

அண்ணன் படகில் இருந்த பெட்டியைத் தொட முடியாது. அதில் சீல் வைத்திருக்கிறார்கள், சீலை உடைத்தால் அதுவே குற்றம். சங்கத்தில் மாற்றுப் பெட்டி ஒன்று பீரோவில் கிடந்தது. அதைக் கேட்டேன். தலைவர் சிரித்தார். "கொண்டு போ தாயி. ஒங்கண்ணன் நல்லவன்னு பெட்டி சொன்னா எங்கிட்ட கொண்டாந்து காட்டு." சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். நான் பெட்டியைச் சேலையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தேன்.

சாப்பாட்டு மேசைமேல் பெட்டியை வைத்து அதற்குப் பொய்க் கடல் காட்டினேன். அதாவது, படகு கரையிலிருந்து போகிறது, மடி போடுகிறது, நெடுநேரம் இழுக்கிறது, நின்று மடியைப் படகில் ஏற்றுகிறது என்று ஒரு நாள் ஓட்டத்தை அதற்கு ஊட்டினேன். பெட்டி சமர்த்தாக வேலை செய்தது. மறுபடியும் ஊட்டினேன். அப்போதும் சமர்த்து. மதினி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இதுவும் ஒங்கண்ணனக் கள்ளன்னுதான் சொல்லுதா?" என்று கேட்டுவிட்டு அழுதாள்.

அவள் அழுததில் நியாயம் இருந்தது. படகில் போகும் ஆட்களின் வீடுகளில் அடுப்பு தணிந்துவிட்டது. அவர்களில் இரண்டு பேர் வேறு படகு தேடத் தொடங்கிவிட்டார்கள். மதினி அண்ணனிடம், "ஒரு நிமிசம் நின்னு தப்புன்னு சொல்லிட்டு வந்துருங்களேன். ஊருக்குத் தெரியாதா என்ன, யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாக" என்று கெஞ்சினாள். அண்ணன் மெல்ல இளகுவது எனக்குத் தெரிந்தது. சனிக்கிழமை வரைக்கும் பார்ப்போம் என்று ஒரு தடவை சொன்னான். செய்யாததைச் செய்தேன் என்று கோயில் வாசலில் சொல்லிவிட்டால் அவன் பிள்ளைகள் காலத்திலும் அந்தப் பெயர் போகாது. அதை யாரும் மறக்க மாட்டார்கள். எங்கள் ஊரைப் பற்றி எனக்குத் தெரியும்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. நான் ஊட்டியது எல்லாரும் இழுக்கும் இழுவை. அண்ணன் அப்படி இழுப்பதில்லை. மற்ற படகுகள் மடியைப் போட்டால் மூன்று மணி, நாலு மணி நேரம் இழுத்துக்கொண்டே போவார்கள். அண்ணன் ஒரு மணி நேரத்தில் ஏற்றிவிடுவான். நெடுக இழுத்தால் அடியில் கிடப்பது நசுங்கிப் போகும் என்பான். சீக்கிரம் ஏற்றினால் மீன் துடிக்கத் துடிக்க வரும், குஞ்சும் பொடியும் உயிரோடு இருக்கும்போதே திருப்பிக் கடலில் விட்டுவிடலாம். இதற்காக அவனோடு வரும் ஆட்கள் அவனைத் திட்டாத நாளில்லை. ஒரே நாளில் எத்தனை தடவைதான் மடியைத் தூக்கும் வின்ச்சைச் சுற்றுவது, எத்தனை தடவைதான் மடியைப் பிரித்துக் கொட்டுவது? மதினிக்கும் அவனுக்கும் இதில் பழைய சண்டை. ஊரில் அவனுக்கு இதனால் ஒரு பட்டப்பெயரே உண்டு, எழுத மாட்டேன்.

அண்ணன் படகு வலை கிழிந்த நாளில் போன தடம், மறைந்த இடங்களைத் தவிர, சங்கத்தின் கம்ப்யூட்டரில் இருந்தது. அதை வாங்கி வந்து, விடுபட்ட இடங்களை அவன் ஏற்றும் வழக்கப்படி நிரப்பி, பெட்டிக்கு ஊட்டினேன். மதியத்துக்குள் பெட்டி செத்தது. செத்து, ரீஸ்டார்ட் ஆகி, வானத்தில் சாட்டிலைட்டைத் தேடிக்கொண்டு கிடந்தது. பிழைத்தது. மறுபடி மடி ஏற்றும் இடம் வந்தது. மறுபடி செத்தது. நான் நாற்காலியில் ஏறி நின்று மதினியைக் கூப்பிட்டேன். எதற்கு நாற்காலியில் ஏறினேன் என்று தெரியவில்லை.

கம்பெனி அனுப்பிய கோடை, பெட்டியை ஓட்டும் நிரலை, திறந்து பார்த்தேன். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

படகு வேகம் மாறும்போதெல்லாம் பெட்டி பழைய கோப்பை மூடிவிட்டுப் புதுக் கோப்பு திறக்கிறது. திறக்கும்போது, கோப்பு பெரிதாகிவிட்டால் என்ன செய்வது என்று முன்கூட்டியே நிறைய இடம் பிடித்து வைக்கிறது. முதுகுளத்தூர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்களே, அதுமாதிரி. மடி ஏற்றும்போது படகு நிற்கும், பின்னால் வரும், கொஞ்சம் முன்னால் போகும், மறுபடி நிற்கும். ஒவ்வொரு தடவையும் ஒரு கோப்பு மூடி ஒரு கோப்பு திறக்கிறது. மூடப்படும் கோப்பில் எழுதியிருப்பது ஒன்றிரண்டு வரி. பிடித்து வைத்த மற்ற இடமெல்லாம் சும்மா கிடக்கிறது. அதை விடுவிக்க வேண்டும். உட்கார ஆள் வரவில்லை, துண்டை எடுத்துக்கொண்டால் முடிந்தது. ஆனால் இந்தக் கோட் என்ன செய்கிறது? விடுவிக்கும் ஒவ்வொரு சிறு இடத்துக்கும் தனித்தனியாகப் பெட்டியின் மெமரி கார்டைக் கூப்பிட்டு, துடை, துடை, துடை என்கிறது. யாரும் உட்காராத சீட்டைக் கழற்றிப் போட்டுக் கழுவச் சொல்கிறது.

அந்த இடங்களில் ஒரு எழுத்துகூட எழுதப்படவில்லை. துடைக்க அங்கே ஒன்றுமில்லை. அது ஏற்கெனவே சுத்தமான இடம். கம்பெனி பெட்டிக்குள் போட்டிருந்ததோ மட்டமான கார்டு, அது இந்த வெட்டி வேலையில் மூச்சு முட்டி நின்றுவிடுகிறது. எழுத முடியாமல் பெட்டி காத்திருக்கிறது. பெட்டிக்குள் இருக்கும் காவல்காரன், அதாவது வேலை நின்றால் ரீஸ்டார்ட் செய்யும் ஏற்பாடு, பெட்டி உறைந்துவிட்டது என்று நினைத்து ஒரே போடாகப் போட்டுவிடுகிறது. நெடுக இழுக்கும் படகில் அடுத்த ஏற்றத்துக்குள் கார்டு துடைத்து முடித்து ஆசுவாசப்பட்டுவிடும். அண்ணன் படகில் அதற்கு ஓய்வே கிடையாது.

அந்த வரிக்கு மேலே ஒருவன் குறிப்பு எழுதியிருந்தான். எதற்கும் பாதுகாப்புக்கு எல்லாவற்றையும் துடைத்துவிடலாம் என்று அர்த்தம் வரும். எதற்கும்! இந்த ‘எதற்கும்’ என்ற சொல்மேல் எனக்கு இருக்கும் வெறுப்பைச் சொல்லி முடியாது. யோசிக்கச் சோம்பல்பட்டவன் பாதுகாப்பு என்ற துணியைப் போர்த்திக்கொள்கிறான். இந்த இடத்தில் எப்போதாவது எழுதினோமா என்ற ஒரே ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் போதும். அந்தக் கேள்விக்கான விடை அவன் கைக்கெட்டும் தூரத்தில், அதே ஃபைல் சிஸ்டத்தில் இருக்கிறது. கேட்கவில்லை. அவன் கேட்காத கேள்விக்கு என் அண்ணன் கோயில் வாசலில் நிற்க வேண்டுமாம்.

கம்பெனி இன்ஜினியரை மறுபடி கூப்பிட்டு எல்லாவற்றையும் காட்டினேன். இன்னொரு தடவை காட்டச் சொன்னான். பிறகு, "அப்ப டிஸ்கார்டையே ஆஃப் பண்ணிடலாம் மேடம், சிம்பிள்" என்றான். நேற்றுவரை எல்லாவற்றையும் துடைத்தவர்கள் இன்று எதையுமே துடைக்க மாட்டார்களாம். அடியோடு நிறுத்தினால் எது காலி எது வேண்டியது என்று கார்டுக்குத் தெரியாமல், நாளாக நாளாக அது திணறி, கடைசியில் எல்லாப் படகிலும் இதே கதைதான் நடக்கும். "ஆஃப் பண்றதுக்கு நீங்க எதுக்கு, நானே பண்ணிருப்பேனே" என்றேன். உட்கார்ந்து நானே எழுதிக் கொடுத்தேன். எழுதப்படாத இடத்தை விடுவித்தால் கார்டைக் கூப்பிடாதே. எழுதிய இடம் என்றால் குறித்து வை, பக்கத்துப் பக்கத்து இடங்களை ஒன்றாகச் சேர்த்துக்கொள், படகு கரைக்கு வந்து சும்மா கிடக்கும்போது மொத்தமாகச் சொல். மாற்றிய வரிகள் கொஞ்சம்தான். மாற்றிய பெட்டிக்கு அண்ணன் ஓட்டத்தை ஊட்டினேன். நாள் முழுக்க ஓடியது, ஒரு இடத்திலும் மறையவில்லை.

கம்பெனி என் திருத்தத்தை எடுத்துக்கொண்டது. தவறு எங்களுடையது என்று சங்கத்துக்கு ஒரு வரி எழுதுங்கள் என்று கேட்டேன். மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றான். மேலிடம் அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. இராமநாதபுரத்திலிருந்து கம்பெனி ஆள் ஒருவன் வந்து, சோதனைக்கு என்று அண்ணன் படகின் பெட்டியில் மட்டும் புதுக் கோடைப் போட்டுவிட்டு, அப்டேட் என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போய்விட்டான். சங்கமும், சரி, ஒரு தடவை போய்ப் பார்க்கட்டும், இனி ஒரு தடவை மறைந்தாலும் படகு இந்தக் கரையில் கிடக்காது என்று சொல்லி அவிழ்த்துவிட்டது.

அண்ணன் கடலுக்குப் போனான். தன் வழக்கப்படியே மணிக்கொரு தடவை மடியை ஏற்றினான். நான் சங்கத்தில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். பச்சைப் புள்ளி ஒரு கண் இமைப்புக்குக்கூட மறையவில்லை. அடுத்த கடல் நாளும் மறையவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் தலைவரைப் பார்த்தேன். அவர் டிவியைக் கையால் காட்டி எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்:

"பாத்தீகளா? கட்டிப் போட்டதும் புத்தி வந்துருச்சு. இப்ப எங்குட்டும் போகல, வயரையும் புடுங்கல. நல்லதுதான். இனி ஞாயித்துக்கெழம வந்து வாயத் தொறந்து ஒரு சொல்லு சொல்லிட்டான்னா முடிஞ்சு போகும்."

பெஞ்சில் இருந்த நாட்டுப்படகுக்காரரும் தலையாட்டினார்.

நான் நோயைக் குணப்படுத்தியதை வைத்துக்கொண்டே அவன் நோயாளி இல்லை, நடிகன் என்கிறார்கள். பெட்டி செத்தால் அவன் கள்ளன். பெட்டி பிழைத்தால் திருந்திய கள்ளன். இந்த மனிதர்களிடம் அவன் குற்றமில்லாதவனாக இருக்க என்னதான் வழி? கோடில் ஒரு வரியைத் திருத்திவிடலாம். இந்த மண்டைகளில் எதைத் திருத்துவது?

நான் எழுந்து டிவிக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றேன். "சித்தப்பா, ஒங்க பெட்டில இன்னும் பழைய கோடுதான இருக்கு?" என்று கேட்டேன்.

"ஆமா. எனக்கெதுக்குப் புதுசு? எம்பெட்டி ஒழுங்காத்தான ஓடுது."

"அப்ப நாளமறுநாள் நீங்க போங்க. நீங்களே ஓட்டுங்க. எங்கண்ணன் மாதிரி மணிக்கொருக்கா மடிய ஏத்துங்க. நாள் முழுக்க ஏத்தணும். ஒங்க புள்ளி மறையாம இருந்துச்சுன்னா எங்கண்ணன் கோயில் வாசல்ல நிக்கட்டும். அவனுக்கு முன்னாடி நான் நிக்கிறேன்."

அண்ணனைக் கேட்காமல் சொன்ன வார்த்தை அது. தலைவர் மறுத்திருக்கலாம். ஆனால் அத்தனை பேர் முன்னால் ஒரு பொம்பளை சவால் விட்ட பிறகு அவர் எப்படி மறுப்பார்? "ஏத்துறேன் தாயி, அதுல என்ன கொறஞ்சு போச்சு" என்றார். அவருடைய ஆட்கள் என்னைப் பார்த்த பார்வையில் சாபம் இருந்தது.

தலைவர் போன அன்று கடலில் கச்சான், அதாவது மேல்காற்று, கொஞ்சம் பலமாகத்தான் இருந்தது. சங்கத்தில் இடமில்லாத அளவுக்குக் கூட்டம். அண்ணன் வரவில்லை, அவனும் கடலில்தான் இருந்தான். நான் மதினியோடு வாசல் படியில் உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் ஏற்றத்தில் தலைவர் புள்ளி பச்சையாகவே நின்றது. இரண்டாவதிலும் நின்றது. மதினி என் கையை நெரித்தாள். மேசைமேல் செத்த பெட்டி கடலிலும் சாகும் என்று என்ன நிச்சயம்?

நடுப்பகலில் தலைவரின் புள்ளி போய்விட்டது.

கொஞ்ச நேரம் கழித்துப் புள்ளி வந்தது. எல்லாரும் மூச்சு விட்டார்கள். அடுத்த ஏற்றத்தில் மறுபடியும் போனது. அதற்கடுத்ததிலும் போனது. டிவியில் அவர் படகின் பெயர் சிவந்து நின்றது. பின்னாலிருந்து யாரோ ஒருவன், "தலைவரு எங்குட்டுப்பா போனாரு, நண்டு வலைப் பக்கமா?" என்றான். கூட்டமே வெடித்துச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. என் அண்ணனின் புள்ளி மறைந்தபோது இதே கூட்டம்தான் சிரிக்காமல், அவன் கள்ளன்தான் என்று தலையாட்டியது. நண்டு வலைக்காரர் மட்டும் எழுந்து வெளியே வந்து, என்னைத் தாண்டும்போது, "அப்ப எவந்தான் தாயி என் வலைய அறுத்தது?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். இத்தனை நாளில் அதைத் தேட ஒருவருக்கும் தோன்றவில்லை, அதற்குள்தான் கள்ளன் கிடைத்துவிட்டானே.

சாயங்காலம் படகுகள் திரும்பின. படகுத் துறையில் பாதி ஊர் நின்றது. அண்ணன் படகு முன்னாலேயே வந்துவிட்டது, அவன் மீன் கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தான். தலைவர் படகு வந்து அணைந்தது. அவர் இறங்குவதற்குள், நண்டு வலைக்காரர் முன்னால் போய் நின்று, "புள்ளி மறஞ்சுக்கிட்டே இருந்துச்சு தலைவரே. எங்க போயிருந்தீக?" என்று கேட்டார். அவர் குரலில் கேலி இல்லை. உண்மையாகவே கேட்டார்.

தலைவரின் முகம் கறுத்துவிட்டது. கையை உயர்த்தினார். "நான் எங்குட்டும் போகலப்பா. வெளிய, ஆழத்துல மடி ஏத்திக்கிட்டுத்தான் நின்னேன். வேணும்னா எம்படகுல வந்த ஆளுகளக் கேட்டுப் பாருங்க."

நான் இதற்காகவே பல நாளாகச் சொற்களைச் சேர்த்து வைத்திருந்தேன். அவர் சோற்றைத் தின்கிறவர்களைப் பற்றியும் பெட்டி பொய் சொல்லாது என்பதைப் பற்றியும் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணன் கையிலிருந்த கூடையைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தான்.

"அன்னைக்கி நானும் அங்கனதான் நின்னேன், சித்தப்பா."